தூக்குமேடைக்குப் பின் ஒரு கப்பல்



உங்கள் பணப்பையிலுள்ள ஒரு நோட்டு கள்ள நோட்டு என்று அறிந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்தக் கேள்வி உயிரைக் குறித்ததாயிருந்தது.

1797-ல் யுத்தத்தினால் பொன் கையிருப்பு குறைந்தபோது, இங்கிலாந்து வங்கி 1 பவுண்டு, 2 பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. அவை ஏழைகளின் கைகளிலும் புழங்கின. அவற்றைப் போலியாக அச்சிடுவதோ எளிதாயிருந்தது. கள்ள நோட்டென்று அறிந்தும் அதை மாற்றியவருக்குத் தூக்குத் தண்டனை. அறிந்து வைத்திருந்தவருக்கு 14 ஆண்டுகள் நாடு கடத்தல். எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது என்பதைப் பெரும்பாலும் வங்கியே தீர்மானித்தது.

ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பெண்ணுக்கு மரணத் தீர்ப்பு கிடைத்தது. கணவனுக்குக் கட்டுப்பட்டே அவள் கள்ள நோட்டை மாற்றினாள் என்று லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்கு ஊழியம் செய்துவந்த எலிசபெத் ஃபிரை அம்மையார் நம்பினார். அதிகாரிகளிடம் அவளுக்காக மன்றாடினார். கதவு திறக்கவில்லை. 1818 ஏப்ரலில் ஹாரியட் தூக்கிலிடப்பட்டாள்.

அருமையானவர்களே, இத்தகைய தோல்விக்குப்பின் நாம் என்ன செய்திருப்போம்? ஒருவேளை ஊழியத்தையே விட்டிருப்போம்.

அம்மையாரோ சில வாரங்களுக்குள் கப்பல்துறையில் நின்றார். நாடு கடத்தப்படும் பெண்கள், கள்ள நோட்டு வைத்திருந்தவர்களும் திருடியவர்களும், அதுவரை விலங்கிடப்பட்டுத் திறந்த வண்டிகளில், ஜனங்களின் பரிகாசத்தின் நடுவே கொண்டுபோகப்பட்டார்கள். மரியா என்னும் கப்பலுக்குச் சென்ற நியூகேட் பெண்களுக்கோ மூடிய வண்டிகள் கிடைத்தன. அது அம்மையாரின் முயற்சி. அக்கப்பலில் 128 பெண்கள் இருந்தனர். அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கண்காணிக்க ஒருத்தியை நியமித்தார். துண்டுத் துணிகள், ஊசி, நூல் கொடுத்தார். மாதக்கணக்கான கடற்பயணத்தில் அவர்கள் போர்வை தைக்கலாம். விற்றால் அந்நிய தேசத்தில் கையில் சிறிது பணமிருக்கும்.

உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. நியூ சவுத் வேல்ஸில் இறங்கியவர்களுக்குத் தங்கும் இடமும் போதவில்லை. பலர் எஜமானர்களின் வீடுகளில் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். தண்டனைக்காலம் முடிந்தும் திரும்பும் பயணச்செலவை அரசு தரவில்லை. பெரும்பாலோர் அங்கேயே மரித்தார்கள்.

கள்ள நோட்டு, போலிப் பத்திரக் குற்றங்களுக்கான மரண தண்டனை 1837-ல் முற்றிலும் நீங்கியது. அது ஹாரியட்டுக்குப் பிந்திப்போயிற்று. ஆனாலும், ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமற்போன அந்தக் கைகள் மற்றவர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்தன.

உங்கள் தெருவிலும் சிறையிலிருந்து திரும்பிய ஒரு சகோதரி இருக்கக்கூடும். அவளுடைய தீர்ப்பை மாற்ற உங்களால் இயலாது. அவளுடைய கையில் ஒரு வேலையையும், அவள் உட்கார உங்கள் வீட்டில் ஓர் இடத்தையும் கொடுக்க இயலும். கொடுப்பீர்களா?