சாண்டா மோனிக்கா விமான நிலையமும் சுற்றுப்புற நிலப் பயன்பாடும்

சாண்டா மோனிக்கா விமான நிலையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரை ஒட்டியுள்ள சாண்டா மோனிக்கா நகரில் அமைந்த சிறிய விமான நிலையம் ஆகும். ஏறத்தாழ 227 ஏக்கர் பரப்பும் ஒரே ஓடுபாதையும் கொண்ட இந்நிலையம் நகராட்சிக்குச் சொந்தமானது. பெரிய பயணிகள் விமானங்கள் இங்கு வருவதில்லை. தனியார் விமானங்களும் பயிற்சி விமானங்களுமே இதைப் பயன்படுத்துகின்றன. ஓடுபாதையின் முனைகளில் உள்ள நிலத்தை உரிய காலத்தில் காலியாக வைக்காததால் ஒரு விமான நிலையத்துக்கும் அதன் அண்டை வீட்டாருக்கும் என்ன நேரும் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

வீடுகள் வந்த விதம்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகள் இறங்கிய வெறும் புல்வெளியே பின்னர் 'குளோவர் களம்' என்ற பெயரில் விமான நிலையம் ஆனது. டக்ளஸ் விமான நிறுவனம் இங்கு வளர்ந்தது. புகழ்பெற்ற டிசி-3 விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்ததும் இங்கிருந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலை பெருகியது. அதன் தொழிலாளர்களுக்கு அருகிலேயே குடியிருப்புகள் எழுந்தன. வேலைக்கு நடந்தே போகலாம் என்பதால் அன்று அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஆனால் விமானங்கள் மாறின. டிசி-8 போன்ற பெரிய ஜெட் விமானங்களுக்காக ஓடுபாதையை நீட்டித் தருமாறு 1950களின் இறுதியில் டக்ளஸ் நிறுவனம் கேட்டது. குடியிருப்போரின் எதிர்ப்பால் நகரம் மறுத்தது. ஜெட் விமானத் தயாரிப்பு லாங் பீச் நகருக்குச் சென்றது; சாண்டா மோனிக்கா தொழிற்சாலை 1975இல் மூடப்பட்டது. வேலை தந்த ஆலை போயிற்று, அதற்காக வந்த வீடுகள் நின்றன. அதன்பின் சிறிய தனியார் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியபோது சத்தமும் புகையும் அச்சமும் மட்டுமே அண்டை வீட்டாருக்கு மிஞ்சின.

ஓடுபாதையின் முனை ஏன் முக்கியம்?

விமான விபத்துகளில் பெரும்பகுதி புறப்படும்போதும் இறங்கும்போதும் நிகழ்கின்றன. ஆகவே ஓடுபாதைக்கு நேராக, அதன் இரு முனைகளுக்கும் அப்பாலுள்ள நிலமே மிகுந்த ஆபத்துக்கு உரியது. இந்தப் பாடத்தை அமெரிக்கா பெருந்துயரத்தில் கற்றது. 1951 டிசம்பர் முதல் 1952 பிப்ரவரி வரை நியூவார்க் விமான நிலையத்தை அடுத்த எலிசபெத் நகரில் மூன்று விமானங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடனே குடியரசுத் தலைவர் ட்ரூமன், விமானி ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் ஆணையம் அமைத்தார். புதிய விமான நிலையங்களில் முதன்மை ஓடுபாதையின் முனைகளுக்கு அப்பால் அரை மைல் தூரம் வெட்டவெளியாக இருக்க வேண்டும், அதற்கும் அப்பால் விசிறி வடிவ நிலத்தில் கட்டடங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது.

சாண்டா மோனிக்காவில் சில வீடுகள் ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறத்தாழ 300 அடி, அதாவது 90 மீட்டர் தொலைவிலேயே இருந்தன. எளிய கணக்கு ஒன்று போடலாம். ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு விமானத்துக்கு மணிக்கு 100 கி.மீ. வேகம் மிச்சமிருந்தால் அது நொடிக்கு 28 மீட்டர் செல்லும். தடை பிடிக்காவிட்டால் மூன்று நொடிக்குச் சற்று மேல் போதும், அது வீட்டு வாசலில் நிற்கும்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் போர்டு ஓட்டிய பழைய பயிற்சி விமானம், புறப்பட்ட சற்று நேரத்தில் எஞ்சின் நின்றதால் அருகிலிருந்த பென்மார் கோல்ப் மைதானத்தில் விழுந்தது. அவர் காயத்துடன் தப்பினார். தரையில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கு மைதானத்துக்குப் பதில் வீடுகள் இருந்திருந்தால் கதை வேறு. ஓடுபாதைக்கு நேரே வயல், மைதானம், கிடங்கு போன்ற ஆள் நெருக்கமற்ற பயன்பாடுகளையே அனுமதிக்க வேண்டும் என்று திட்டமிடுவோர் சொல்வது இதனால்தான். பள்ளியும் மருத்துவமனையும் அங்கு கூடவே கூடாது. அவசரத்தில் ஓடி வெளியேற முடியாதவர்கள் இருக்கும் இடங்கள் அவை.

சட்டமும் வழக்கும்

கலிபோர்னியா 1967இல் விமான நிலைய நிலப் பயன்பாட்டு ஆணையங்களுக்கான சட்டத்தை இயற்றியது. விமான நிலையங்களைச் சுற்றி எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று இவை திட்டம் வகுக்கின்றன. ஆயினும் உள்ளூர் மன்றம் உரிய காரணம் காட்டி, மூன்றில் இரு பங்கு வாக்குகளால் ஆணையத்தின் முடிவை மீறலாம். அதைவிடப் பெரிய குறை, ஏற்கெனவே எழுந்துவிட்ட கட்டடங்கள் மீது ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்பதே. சாண்டா மோனிக்காவில் சிக்கலே அந்தக் கட்டடங்கள்தாம். போதாக்குறைக்கு, நிலையத்தின் தெற்கிலும் கிழக்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் எல்லை தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை ஒரு நகரத்தின் பொறுப்பு, அதையடுத்த தெருக்கள் இன்னொரு நகரத்தின் பொறுப்பு.

எனவே நகரம் விமானங்களைக் கட்டுப்படுத்த முயன்றது. ஜெட் விமானங்களுக்கு அது முன்னர் விதித்த முழுத் தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2008இல், தரையிறங்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 224 கி.மீ.க்கு மேற்பட்ட விமானங்களுக்கு மட்டும் தடை விதித்தது. கூட்டரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை எதிர்த்தது. கூட்டரசின் மானியத்தைப் பெற்ற நகரம் விமானங்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்ற அதன் வாதமே 2011இல் வென்றது. மானியம் வாங்கும்போது கையெழுத்திடும் நிபந்தனைகள் பல பத்தாண்டுகள் தொடரும் என்பதைச் சிறு நகரங்கள் கவனிப்பது நல்லது.

இறுதியில் 2017 ஜனவரியில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. அவ்வாண்டு டிசம்பரில் ஓடுபாதை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைக்கப்பட்டது. வெட்டப்பட்ட நீளம் இரு முனைகளிலும் பாதுகாப்பு வெளியானது. வெளியே கிடைக்காத நிலத்தை உள்ளிருந்தே எடுத்துக்கொண்டார்கள் எனலாம். பெரிய ஜெட் விமானங்களின் வரவும் வெகுவாகக் குறைந்தது.

அதே உடன்பாட்டின்படி 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நகரம் விமான நிலையத்தை மூடிவிடலாம். விமானிகள் தரப்பில், நிலையம் முதலில் வந்தது, வீடுகள் பின்னர் வந்தன என்ற குறை இன்றும் உண்டு, அது உண்மையும்கூட. மூடியபின் அந்த நிலத்தில் பூங்கா, திறந்தவெளி, பொழுதுபோக்கு வசதி ஆகியவை தவிர வேறு எதைக் கட்டுவதானாலும் வாக்காளரின் ஒப்புதல் வேண்டும் என்று 2014 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து முடிவு செய்துள்ளனர்.