'கடைக்குட்டி சிங்கம்' அக்காக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? 'முறைப்பொண்ணு' கணக்கின் பின்னணி என்ன?

டிவியில் எத்தனை தடவை போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கும் படங்களில் ஒன்று 'கடைக்குட்டி சிங்கம்'. பாண்டிராஜ் இயக்கத்தில் கார்த்தி நடித்து, 2018 ஜூலையில் வெளியானது.

கதை ரொம்ப சிம்பிள். அஞ்சு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தம்பி குணசிங்கம், ஒரு விவசாயி. மாமாவைத்தான் கட்டிக்கப்போறோம்னு அக்கா மகள்கள் (பிரியா பவானி சங்கர், அர்த்தனா பினு) நினைச்சிட்டு இருக்க, தம்பிக்கு வேறொரு பெண்ணை (சயீஷா) பிடித்துவிடுகிறது. குடும்பம் ரெண்டுபடுகிறது.

நகரத்தில் வளர்ந்த பலருக்கு இங்கே ஒரு கேள்வி வரும். தம்பி தனக்குப் பிடிச்ச பெண்ணைக் கட்டிக்கிட்டா அக்காக்களுக்கு என்ன நஷ்டம்?

தாய்மாமன் உறவு ஏன் இவ்வளவு முக்கியம்?

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். சடங்கு என்றால் தாய்மாமன் சீர் வேண்டும். கல்யாணத்தில் அவருக்குத்தான் முதல் மரியாதை. 1993-ல் வந்த பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' தொடங்கி, பாண்டிராஜின் 'நம்ம வீட்டுப் பிள்ளை' (2019) வரை அண்ணன் - தங்கச்சி படங்கள் ஓடுவதற்கு இந்த உறவு ஒரு முக்கியக் காரணம்.

இதைப் பாசம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மீதி பாதி, நிலம்.

கிராமத்தில் நிலம் ஆண் பிள்ளைக்குப் போகும். பெண்ணுக்கு நகையும் சீரும். வயலில் பங்கு இல்லாத அக்காவுக்கு, பிறந்த வீட்டோடு இருக்கும் பிடிமானம் அந்தத் தம்பிதான். தன் மகளே தம்பி வீட்டுக்கு மருமகளாகப் போனால் அந்தக் கதவு அடைபடாது. வெளியிலிருந்து ஒரு பெண் வந்தால் 'நாளைக்கு நம்மள யார் மதிப்பா?' என்ற பயம் வந்துவிடும். படத்தில் அக்காக்கள் போடும் சண்டையை இந்தப் பயத்தோடு சேர்த்துப் பாருங்கள். அவர்கள் வில்லிகளாகத் தெரிய மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி, தாய்மாமன் - அக்கா மகள் என்பது திருமணம் செய்துகொள்ளக் கூடாத உறவு. ஆனால், அந்தச் சமூகத்தில் அது வழக்கமாக இருந்தால் செல்லும் என்று அதே சட்டம் விலக்கும் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் திருமணங்கள் செல்லுபடியாவது இந்த விலக்கால்தான்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. குடும்பத்தில் மறைந்திருக்கும் ஒரு மரபணுக் குறைபாடு அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஆரோக்கியமாகவே பிறக்கின்றன. ஆனால் ரிஸ்க் கூடுதல் என்பது உண்மை.

'பிளட் குரூப் வேற வேறதானே, ஒண்ணும் ஆகாது' என்று சொல்வார்கள். இதற்கும் பிளட் குரூப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஏற்கெனவே சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

சொத்து இப்போது யாருக்கு?

பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமையைப் பெண்ணுக்கும் 1989-லேயே கொடுத்துவிட்டது தமிழ்நாடு. ஆனால், சட்டம் வரும் முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பாகுபாடு நீங்கியது. இது பிறப்பால் வரும் உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்தோ, விற்றோ முடித்த சொத்துகளுக்கு விலக்கு உண்டு.

பேப்பரில் இப்படி. நடைமுறையில்? 'தம்பிதானே, விட்டுக்கொடு' என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் அக்காக்களிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. பலர் மனசோடு போடுகிறார்கள். சிலர், கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமே என்று பயந்து போடுகிறார்கள். பங்கைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எதிர்பார்ப்பது அந்த உறவைத்தான். அதுவும் கைவிட்டுப் போகும்போதுதான் கோபம் வெடிக்கிறது.

எல்லோர் சம்மதமும் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று குணசிங்கம் நிற்பதுதான் படத்தின் பலம். அதனால்தான் குடும்பத்தோடு பார்க்க முடிகிறது. ஆனால், அந்த அக்காக்களின் பயம் போக தம்பியின் பாசம் மட்டும் போதுமா?

அடுத்த தடவை டிவியில் படம் வரும்போது, பக்கத்தில் அம்மாவோ அத்தையோ உட்கார்ந்திருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "உங்க வீட்டு நிலத்துல உங்க பங்கு என்னாச்சு?" பதில் வர கொஞ்ச நேரம் ஆகலாம். காத்திருந்து கேளுங்கள்.