பந்து பறக்கும் முன்பே திரும்பும் முகம்!

'பந்தையே பார்!' கோல்ஃப் பழக வருபவர்கள் முதலில் கேட்கும் அறிவுரை இதுதான். ஆனால், ஸ்வீடன் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாம் ஆடும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மட்டை பந்தைத் தொடும்போதே அவர் முகம் இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும்!

இப்படி ஆடியே 72 எல்.பி.ஜி.ஏ பட்டங்கள் வென்றார். 2001-ல் 18 குழிகளையும் 59 ஷாட்களில் முடித்தார்.

எப்படிச் சாத்தியம்? மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது, ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதைப் பார்த்து ஷாட்டைத் திருத்தக் கண்ணால் முடியாது. தலையை இறுக்கிக் குனிந்தே வைத்திருந்தால், தோள் திரும்ப வழியில்லாமல் உடம்பு பாதியில் நின்றுவிடும். முதுகுதான் பாவம்!

அதற்காக அவசரப்பட்டு நிமிர்ந்துவிடாதீர்கள். அனிகாவின் தலை திரும்புகிறதே தவிர, மேலே எழுவதில்லை.

குழிக்கு அருகே பந்தை மெதுவாக உருட்டும் 'பட்' ஷாட்டில் கதையே வேறு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் இதை 'அமைதியான கண்' என்கிறார். தேர்ந்தவர்கள் பந்தில் பார்வையை நிறுத்தி, அது உருண்டு போன பிறகும் அந்த இடத்தையே ஒரு கணம் பார்க்கிறார்கள். குழியில் விழுந்ததா? காதால் கேட்டுக்கொள்ளலாம்.