முதலாளியம்மா – 9: உங்கள் கூலி எங்கே?

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகளிலும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருவரை எழுப்பி, “இன்னைக்கு என்ன கூலி?” என்று கேட்டுப் பாருங்கள். அரைத் தூக்கத்திலும் சரியாகச் சொல்வார். பக்கத்துத் தோட்டத்தில் பத்து ரூபாய் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் அதுவும் அவருக்குத் தெரியும்.

அதே பெண் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டோடு ஒரு தொழில் தொடங்கட்டும். ஆறு மாதம் கழித்து, “என்னக்கா நிக்குது?” என்று கேட்டால், “ஏதோ கையைக் கடிக்காம ஓடுது” என்பார். உங்கள் கூலி போகவா, கூலியையும் சேர்த்தா என்று அடுத்த கேள்வியைப் போட்டால் சிரிப்புத்தான் வரும். “வீட்டுல இருந்து செய்யறதுக்கு எனக்கு நானே கூலியா?”

பெண்கள் தொடங்கும் சிறுதொழில்கள் ஏன் படுத்துவிடுகின்றன என்றால் மார்க்கெட்டிங் தெரியவில்லை, தன்னம்பிக்கை போதவில்லை என்று மேடையில் ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கம்பத்துச் சந்தையில் பேரம் பேசும் பெண்களுக்கா தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது? நான் முதலில் பார்ப்பது விலை போட்ட நோட்டைத்தான். அதில் பழம், சர்க்கரை, கேஸ் எல்லாம் இருக்கும். உழைத்தவர் கூலி மட்டும் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். கம்பம் பள்ளத்தாக்கில் கையருகே கிடைப்பது பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. வேறு ஊர்த் திராட்சைபோல ஒரு பருவத்தோடு நிற்காமல், இங்கே ஆண்டு முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். காமயகவுண்டன்பட்டியில் ஒருவர் இதில் ஸ்குவாஷ் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைகள் நான் கணக்குக்காகப் போட்டவை; உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

பழம் 10 கிலோ, கிலோ 40 வீதம் 400 ரூபாய். சாறு ஆறு லிட்டர் தேறும். ஸ்குவாஷ் என்று பெயர் போட வேண்டுமானால் கால் பங்காவது பழச்சாறு இருந்தாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம்மவர் தாராளமாக மூன்றில் ஒரு பங்கு வைக்கிறார்; 18 லிட்டர் கிடைக்கிறது. 750 மில்லி பாட்டிலில் 24 பாட்டில். சர்க்கரை 9 கிலோ 405 ரூபாய், பாட்டில் 360, மூடியும் லேபிளும் 100, சிட்ரிக் ஆசிட், கெடாமலிருக்கச் சேர்ப்பது, கேஸ், கரண்ட் எல்லாம் 135. ஆக 1,400 ரூபாய். கடைக்கு ஒரு பாட்டில் 80 ரூபாய்க்குக் கொடுத்தால் வரவு 1,920. கையில் 520 நிற்கிறது. சந்தோஷம்தான்.

இப்போது வேலையைப் பார்ப்போம். குலையிலிருந்து பழத்தை உதிர்க்க வேண்டும். அழுகலையும் வெடித்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, லேசாகச் சூடாக்கி, பிழிந்து வடிகட்டி, பாகு காய்ச்சி ஆறவிட்டுக் கலக்க வேண்டும். பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுப்பது தனி வேலை. இதில் ஒரு நுணுக்கம்: எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை இதில் போட்டால் திராட்சையின் நிறம் வெளுத்துவிடும். சோடியம் பென்சோயேட்டைத்தான், அதுவும் அனுமதித்த அளவுக்குள், போட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ ஒரு முறை கேட்டுவிட்டு வந்தால் பல பாட்டில்கள் வீணாகாது.

நம்மவரும் அவர் மதினியும் ஆளுக்கு ஒன்றரை நாள் உழைத்தார்கள். மூன்று ஆள் கூலி, 350 வீதம் 1,050 ரூபாய். 520 ரூபாய் லாபம் என்று நினைத்தது 530 ரூபாய் நஷ்டம். மலைக்கே போயிருந்தால் இருவர் கையிலும் முழுக் கூலி இருந்திருக்கும்.

கூலியைச் சேர்த்தால் ஒரு பாட்டிலின் அடக்கவிலை 102 ரூபாய். கடைக்கு 120, எம்.ஆர்.பி. 150 என்று வைத்தால்தான் இது தொழில். “அந்த விலைக்கு யாருக்கா வாங்குவா?” என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. வாங்க ஆள் இல்லையென்றால் அந்தச் சரக்கைப் போடக் கூடாது; வேறு சரக்கு, அல்லது வேறு ஊர்ச் சந்தை பார்க்க வேண்டும். 2023 ஜூனில் போடி வரை மறுபடி ரயில் வந்துவிட்டது, சென்னைக்கே வண்டி இருக்கிறது. உள்ளூர் மளிகைக்கடையில் 80 ரூபாய்க்கு மேல் போகாது என்பதற்காக உங்கள் கூலியை வெட்டி விலையைக் குறைத்தால், பெரிய கம்பெனியின் மெஷினோடு உங்கள் தோள்பட்டையைப் போட்டிக்கு விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கூலிக் கணக்கில் கெட்டியாக இருந்து மேலே வந்தவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். மதுரை மாவட்டம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் மகளிர் குழுக்கள் 1990-ல் மதுரைப் பக்கம் தொடங்குவதற்கு முன்பே அவர் கொத்துத் தலைவி. வயல் வேலைக்கு ஆள் சேர்த்து, நிலக்காரரிடம் கூலி பேசி, வந்ததைப் பிரித்துக் கொடுத்தவர். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. குழுவை நடத்தும் திறமை அவருக்குக் களத்துமேட்டிலேயே வந்துவிட்டது என்பதைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

கடனுக்கு வருவோம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, கைமுதல் 5 சதவீதம் போதும். உண்மைதான். ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பேரில் மூன்று ஆண்டு முடங்கிக் கிடக்கும். தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். மாவட்டத் தொழில் மையத்துக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலும் உங்கள் சம்பளத்தை ஒரு வரியாக எழுதுங்கள். எழுதிய பிறகும் தவணை கட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடு தேடி வந்து கடன் கொடுப்பவர்கள் “பிளாட் வட்டி” என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு லட்சம், இரண்டு ஆண்டு, 12 சதவீதம் பிளாட் என்றால் வட்டி 24,000. அதே 12 சதவீதத்தை வங்கி குறையும் அசலுக்குப் போட்டால் ஏறக்குறைய 13,000தான். பாதி அசலைக் கட்டி முடித்த பிறகும் முழு லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதால் வரும் வித்தியாசம் இது. உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

போடியில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காயின் தரம் உங்கள் விரலுக்குத் தெரியும், சரி. ஆனால் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், 2022-ல் சராசரியாக ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. நகையை அடகு வைத்துச் சரக்கு அடுக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். விலை ஏறினால் லாபம் கொஞ்சம் குறையட்டும்.

அடுத்த முறை அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லேபிள் ஒட்டி முடித்ததும் மறுபடி குறியுங்கள். கடைக்கு நடந்த நேரத்தையும் விடாதீர்கள். மாதக் கடைசியில் அத்தனைக்கும் ஊர்க்கூலி போட்டு, தொழில் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் அவசரம் என்றால் அந்தக் கணக்கிலிருந்து எடுங்கள். சரக்கு வாங்க வைத்த பணத்தில் கை வைக்க வேண்டாம். முதல் மாதம் முழுக் கூலியும் எடுக்க முடியாமல் போகலாம். எவ்வளவு பாக்கி என்பதையாவது எழுதி வையுங்கள், தொழில் உங்களுக்குப் பட்ட கடன் அது.

அடுத்த வாரம்: “வித்ததும் தர்றேன்” என்று சரக்கை வாங்கிக்கொள்ளும் கடைக்காரரிடம் 45 நாளுக்குள் பணம் வாங்குவது எப்படி? கட்டணமே இல்லாத உத்யம் பதிவு அதற்கு எந்த வகையில் உதவும்?

(தொடரும்)