பிறர் விடும் புகை

புகைப்பழக்கத்தின் தீமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புகைப்பவரை நோக்கியே பேசுவர். அவருடைய சுவாசப்பை கெடும், பொருள் அழியும், ஆயுள் குறையும் என்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் அவருக்கு அருகில் இருப்பவரைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவர் சிகரெட்டை விரும்பியவரல்லர். விலை கொடுத்து வாங்கியவருமல்லர். எனினும் அதன் நஞ்சில் ஒரு பங்கு அவரையும் சேருகின்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? எரியும் சிகரெட்டிலிருந்து இருவகைப் புகை எழுகின்றது. ஒன்று, புகைப்பவர் உள்ளிழுத்துப் பின் வெளிவிடுவது. மற்றது, ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே, நுனி தானாகக் கனன்றுகொண்டிருக்கும் வேளையில் நேரே காற்றிற் கலப்பது. அறையில் நிரம்பும் புகையின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையே. இழுக்காத வேளையில் நுனியின் வெப்பம் குறைவதால் புகையிலை அரைகுறையாக எரிகின்றது. ஆதலின் காபனோரொட்சைட்டு, அமோனியா போன்றவை இப்புகையிற் கூடுதலாக உண்டாகின்றன. சிகரெட்டின் முனையில் வைக்கப்பட்டுள்ள வடிகட்டி இதனைத் தடுப்பதுமில்லை. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிக்க வல்லவை.

இத்தீங்கினை உலகிற்கு முதலில் உணர்த்தியவர்களுள் யப்பானிய அறிஞர் தக்கேசி கிரயாமா குறிப்பிடத்தக்கவர். புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர் 1981ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். கணவன்மார் மிகுதியாகப் புகைத்த இல்லங்களில், ஒருபோதும் புகைத்தறியாத மனைவியரைச் சுவாசப்பைப் புற்றுநோய் அதிகமாகப் பற்றியிருந்தமை அதனாற் புலனாயிற்று. அம்முடிவைப் பலர் மறுத்துரைத்தனர். பின்வந்த ஆராய்ச்சிகளோ அதனை உறுதிப்படுத்தின. புற்றுநோய் மட்டுமன்று, இருதய நோயும் இப்புகையால் வருகின்றது. சிறுவர்க்கு ஆஸ்துமா கடுமையாகின்றது. காது அழற்சியும் மார்புச் சளி நோய்களும் மிகுகின்றன. கருவுற்ற தாய் இதனைச் சுவாசித்தால் பிறக்கும் குழந்தையின் நிறை குறைகின்றது. பிறர் விடும் புகையால் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

“சாளரம் திறந்திருக்கின்றதே, விசிறி சுழல்கின்றதே” என்று சிலர் அமைதி கூறுவர். விசிறி புகையைப் பரப்புமேயன்றி அழிக்காது. ஒரே அறையில் புகைப்போரை ஒரு பக்கத்திலும் புகைக்காதோரை மறு பக்கத்திலும் இருத்துவதாலும் பயனில்லை. காற்றுக்கு வரம்பு கட்ட ஒருவராலும் இயலாது. இப்புகையில் தீங்கற்ற அளவு என ஓர் அளவே இல்லை என்று அமெரிக்க அரசின் தலைமை வைத்தியர் 2006ஆம் ஆண்டில் அறிக்கையிட்டார்.

இன்னும் சிலர், “புகைப்பது என் சுதந்திரம்” என்பர். ஊர்ப் பொதுக் கிணற்றில் தன் அழுக்குத் துணியை அலசிவிட்டு, “துணி என்னுடையதுதானே” என்று ஒருவர் வாதாடினால் ஊரார் ஒப்புவரோ? துணி அவருடையது, நீர் யாவருக்கும் உரியது. நாம் சுவாசிக்கும் காற்றும் அத்தகையதே.

இந்நியாயத்தை நாடுகள் பல சட்டமாக்கியுள்ளன. 2004ஆம் ஆண்டில் அயர்லாந்து, மதுச்சாலை உட்பட உட்புறத் தொழிலிடம் எங்கும் புகைத்தலைத் தடைசெய்தது. நம் இலங்கை, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களிற் புகைத்தலைக் குற்றமாக்கியது. புகைப்பவர் மட்டுமன்று, அவ்விடத்துக்குப் பொறுப்பானவரும் அதனை அனுமதித்தலாகாது என்பது அச்சட்டத்தின் விதி.

ஆயினும் சட்டம் செல்லாத இடங்கள் பல. புகையிலை நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் புகையிலை செய்தும், தென்னிலங்கை நகரங்களிற் சுருட்டுக்கடை நடத்தியும் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ! வெற்றிலைத் தட்டத்திலே சுருட்டும் சிகரெட்டும் வைத்து வந்தோரை உபசரித்தல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. இத்தகைய சமுதாயத்திலே, புகையால் வருந்துபவர் வாய் திறப்பது எளிதன்று. மாமனாரிடம் மருமகள் கூறுவாளா? பெரியவரை நோக்கி மாணவன் கூறுவானா? பெரியோரை எதிர்த்துப் பேசாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் நாமே. அவர்களுடைய அடக்கத்தைச் சம்மதமெனக் கொள்ளுதல் நீதியாகுமா?

ஆதலின், “புகைக்கலாமா?” என்று கேட்டு அனுமதி பெறுதல் போதாது. கேட்கப்படுபவர் மறுக்கத் துணியார். வீட்டு விறாந்தையாயினும், பேருந்துத் தரிப்பிடமாயினும், திருமண வீடாயினும், பிறர் இருக்குமிடத்திற் புகைப்பதில்லை என்று புகைப்பவரே தமக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும். முற்றாக விட்டொழித்தல் அதனினும் மேலானது. தாயின் மடியிலிருக்கும் குழந்தை எழுந்து அப்பாற் செல்ல மாட்டாது. எழுந்து செல்ல இயன்றவர் செல்வதே முறை.