விடை தேடும் மனம்

துப்பறியும் தொடர் தொடங்கிவிட்டால் அடுப்பில் வைத்ததையும் மறந்து அமர்ந்து விடுகிறோம். நம்மைக் கட்டிப்போடுவது இரத்தமும் துப்பாக்கியுமா? இல்லை.

பிரித்தானியாவில் 2013 ஆம் ஆண்டு ஐ.ரி.வி. ஒளிபரப்பிய 'புரோட்சேர்ச்' தொடரைப் பாருங்கள். கடலோரச் சிற்றூர் ஒன்றில் 11 வயதுச் சிறுவன் கொல்லப்படுகிறான். கொன்றது யார்? வாரத்துக்கு ஒன்றாக 8 அங்கங்கள். ஒவ்வொரு வாரமும் சந்தேகம் ஓர் அயலவரை விட்டு இன்னொருவர் மேல் விழுகிறது. எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள். ஆனால் மறைப்பவரெல்லாம் குற்றவாளிகள் அல்லர்.

கதாசிரியர் கிறிஸ் சிப்னல் கொலையை விட, மகனை இழந்த தாயின் நாட்களையே நிறையக் காட்டினார். விசாரிக்கும் பொலிஸ் பெண் எலி மில்லரோ அத்தாயின் தோழி. விடை தெரிய வேண்டும் என்ற தவிப்பு. தெரிந்தால் யார் நெஞ்சு உடையுமோ என்ற அச்சம். இவ்விரண்டும் சேர்ந்ததே விறுவிறுப்பு.

தொடரில் எட்டாம் வாரம் விடை கிடைத்துவிடுகிறது. வாழ்க்கையில் விடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார் நம் அயலில் இருக்கிறார்கள். கற்பனைச் சிறுவனுக்காகக் கண் கலங்கும் நாம், தொடர் முடிந்ததும் அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்து ஒருமுறை போய்வருவோமா?