வற்றாளங்கிழங்கும் உருளைக்கிழங்கும்: உணவுச் சத்தில் எது மேல்?



ஊவா மாகாணத்தில் உருளைக்கிழங்குக்குள்ள மதிப்பு வற்றாளங்கிழங்குக்கு இல்லை. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளிலே பெரும்போக நெல்லை அறுத்தபின், சிறுபோகத்தில் அதே வயல்களில் உருளைக்கிழங்கு பயிரிடப்படுகின்றது. அது கைக்குப் பணம் தரும் பயிர். சர்க்கரைவள்ளி என்றும் வழங்கும் வற்றாளையோ, பசறைப் பக்கத்தில் வீட்டின் பின்புறச் சரிவில் வளர்ந்து, அரிசி குறைந்த நாளில் அவித்துண்ணும் ஏழையின் கிழங்காக எண்ணப்படுகின்றது. சந்தை விலையைக் கொண்டு உணவுச் சத்தை அளப்பது தவறாகும்.

இரண்டினதும் சத்துக்கள்

100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ உள்ளவை:

வலு: உருளை 77 கலோரி, வற்றாளை 86 கலோரி
புரதம்: உருளை 2.0 கிராம், வற்றாளை 1.6 கிராம்
நார்ச்சத்து: உருளை 2.1 கிராம், வற்றாளை 3.0 கிராம்
பொற்றாசியம்: உருளை 425 மி.கி.; வற்றாளை 337 மி.கி.
விற்றமின் ஏ: உருளையில் இல்லை எனலாம், செம்மஞ்சள் வற்றாளையில் 700 மைக்கிரோகிராம் அளவு

வலுவிலும் புரதத்திலும் பெரிய வேற்றுமை இல்லை என்பதைக் காண்பீர்கள். உருளையில் விற்றமின் சீயும் உண்டு. ஆகவே உருளைக்கிழங்கு பயனற்றதன்று. ஆனால் சோற்றோடு உருளைக்கிழங்குக் கறியை மட்டும் உண்பது, மாச்சத்தோடு மாச்சத்தைச் சேர்ப்பதேயாம். நீரிழிவுடையோர் இவ்விரு கிழங்குகளையும் சோற்றுக்கு மேலதிகமாக அன்றி, சோற்றின் ஒரு பங்கிற்குப் பதிலாகவே உண்ணல் வேண்டும்.

உள்நிறத்தைப் பாருங்கள்

பெரிய வேற்றுமை விற்றமின் ஏயில்தான். இது குறைந்தால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் உண்டாகும். நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றும். செம்மஞ்சள் உட்சதையுள்ள வற்றாளை 100 கிராம் அளவில், சிறு பிள்ளை ஒன்றின் ஒரு நாட் தேவையை நிறைவு செய்யவல்லது. வெள்ளை உட்சதையுள்ள கிழங்கில் இச்சத்து மிகச் சொற்பம். தோல் சிவப்பாயிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். கிழங்கை வெட்டி உள்நிறத்தைப் பாருங்கள்.

ஆபிரிக்காவின் மொசாம்பிக், உகண்டா முதலிய நாடுகளில் வெள்ளை வற்றாளையையே பெரிதும் உண்டுவந்த மக்களிடையே செம்மஞ்சள் இனங்கள் பரப்பப்பட்டன. இப்பணிக்காக மரியா அன்ட்ராடே, றொபேட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர், ஹோவார்த் பூயிஸ் என்பாருடன் சேர்ந்து, 2016ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசைப் பெற்றனர்.

சமைக்கும் முறை

கிழங்கைத் தோலுடன் அவித்துப் பின் உரியுங்கள். சத்து நீரில் கரைந்து போவது குறையும். விற்றமின் ஏ உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். ஆதலால் வற்றாளையைத் தேங்காய்ப்பூவுடனோ தேங்காய்ச் சம்பலுடனோ உண்பது நம் வீட்டு வழக்கம் மட்டுமன்று, நல்ல முறையுமாகும். இளங்கொழுந்தைக் கீரையாகச் சமைக்கலாம். ஆனால் ஒரே கொடியில் மிகுதியாகக் கிள்ளினால் கிழங்கு சிறுக்கும்.

பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் நச்சுப்பொருள் உண்டு, அதனை உண்ணற்க. வண்டு துளைத்துக் கசக்கும் வற்றாளையை மனிதரும் உண்ணலாகாது, மாட்டுக்கும் இடலாகாது.

பயிரிடுவோர் கவனத்துக்கு

உருளைக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். பசறையிலிருந்து மொனராகலை நோக்கி இறங்க இறங்க வெப்பம் மிகும். அங்கே வற்றாளையே எளிது. வண்டு காணாத கொடியின் நுனித்தண்டை ஓரடி நீளத்தில் வெட்டி, சரிவுக்குக் குறுக்காக அமைத்த மேட்டு வரிசைகளில் நடுங்கள். கிழங்கு பருக்கும்போது மண் வெடித்தால் அவ்வழியே வண்டு புகும். ஆகவே மண் அணைப்பதைத் தவறவிடாதீர்கள். நான்கு மாதமளவில் கிழங்கு முற்றும்.

உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் யாவும் ஒரே குடும்பம். வாடல் நோயும் இவற்றுக்குப் பொது. வற்றாளையோ கங்குங் கீரையின் இனம். ஆதலால் மரக்கறித் தோட்டத்தில் பயிர் மாற்றுவதற்கும் அது உதவும்.

அன்பர்களே, உருளைக்கிழங்கைச் சந்தைக்கு அனுப்புங்கள். அது உங்கள் வருமானம். ஆனால் வீட்டருகே சில வரிசை செம்மஞ்சள் வற்றாளையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். நல்ல கொடித்தண்டு பெறும் வழியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.